அண்ணனுக்கு ஒரு கிட்னி குடுக்கலாம்னு இருக்கேன், அது வரைக்கும் டயாலிசிஸ்ல அவரு எப்படி சமாளிப்பாரு?

அண்ணனுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சு ரெண்டு மாசம், நான் ஒண்ணு குடுக்கலாம்னு இருக்கேன், வீட்டுல பயப்படறாங்கன்னு எழுதியிருக்கீங்க. நான் பொதுவா படிச்சிட்டு போயிடற ஆளு, பதில் எழுதினது இல்ல. இதைப் பார்த்ததுல இருந்து மனசு கேக்கல. உங்க அண்ணன் இருக்கற இடத்துல நான் இருக்கேன், நீங்க நிக்கற இடத்துல என் தம்பி நின்னான்.

எனக்கு 44 வயசு, மலேசியாவுல பினாங்கு பக்கம் பிறைங்கற ஊர்ல இருக்கேன். 2018 கடைசியில இருந்து டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி காலையில 6 மணி ஷிப்ட், நாலு மணி நேரம், முடிச்சிட்டு மதியம் வேலைக்குப் போயிடுவேன், ஃபேக்டரியில கணக்கு வேலை. எனக்கு சுகர் கிடையாது. பயாப்ஸி பண்ணி ஐஜிஏ நெஃப்ரோபதின்னு, அதாவது நம்ம உடம்போட எதிர்ப்புச் சக்தியே கிட்னியைக் கெடுக்கற நோய்னு சொன்னாங்க. இதை ஏன் சொல்றேன்னா டயாலிசிஸ்னு சொன்ன உடனே "இனிப்பு ரொம்ப சாப்பிட்டியா"ன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு.

சமாளிக்கறதைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். ஊசி பழகிடும். தாகம் பழகவே பழகாது. எனக்கு ஒண்ணுக்கு வர்றது ஏறக்குறைய நின்னு போச்சு, அதனால ஒரு நாளைக்கு 500 மில்லி, அதுல டீ, ரசம், மாத்திரை முழுங்கற தண்ணி எல்லாம் அடக்கம். தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போற வழி முழுக்க தண்ணீர் பந்தல், நம்ம பிள்ளைங்க கூப்பிட்டு கூப்பிட்டு கையில கப்பைத் திணிப்பாங்க, வேணாம்னு சொன்னா கோவிச்சுக்கறாங்களோன்னு இருக்கும், நான் வாங்கி பக்கத்துல நிக்கறவங்ககிட்ட குடுத்துடுவேன். வீட்டுல இருந்து கொண்டு போற சின்ன போத்தல்ல இருந்து ஒரு வாய் வச்சுக்கிட்டு அப்படியே நிப்பேன். சனி ஞாயிறு ரெண்டு நாள் இடைவெளிதான் கஷ்டம். திங்கக்கிழமை உடம்புல தேங்கின தண்ணியால எடை மூணு கிலோ ஏறிப் போனா அவ்வளவையும் நாலு மணி நேரத்துல இழுக்கணும், பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுத்துக்கும், மிஸி (நர்ஸ்) ஓடி வந்து காலை அமுக்கிப் பிடிப்பாங்க. இளநி, வாழைப்பழம் எல்லாம் பொட்டாசியம், டாக்டரைக் கேக்காம தொட வேணாம். பெலிம்பிங், அதான் ஸ்டார் ஃப்ரூட், அது மட்டும் ஒரு துண்டு கூட வேணாம், ஜூஸும் வேணாம். கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு அது விஷம், விக்கல்ல ஆரம்பிச்சு வலிப்பு, உயிர் போறது வரைக்கும் கொண்டு போகும். பிரஷருக்கு நல்லதுன்னு யாராவது அடிச்சுக் கொண்டு வருவாங்க, அவங்க எதிர்லயே கொட்டிடுங்க.

நான் டாக்டர் இல்ல, உங்க அண்ணனுக்கு எவ்வளவு தண்ணின்னு அவரோட டாக்டர்தான் சொல்லணும். அப்புறம் என் மேல பாயாதீங்க.

இப்ப என் தம்பி விஷயம். கெடா மாநிலத்துல சுங்கை பட்டாணியில இருக்கான், லோரி ஓட்டறான், என்னை விட அஞ்சு வயசு சின்னவன். 2022 தீபாவளிக்கு எல்லாரும் எங்க பெரியம்மா வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது எழுந்து நின்னு "அக்காவுக்கு நான் கிட்னி குடுக்கப் போறேன்"னு சொல்லிட்டான். அவன் பொண்டாட்டிக்கு முன்னாடியே தெரியும், அந்தப் பொண்ணு "நானும் கூட வரேன் கையெழுத்துப் போட"ன்னு சொன்னா. அத்தனை பேரும் அழுதாங்க, நானும்தான் அழுதேன். அன்னிக்கு அவன் அப்படி எல்லார் எதிர்லயும் சொல்லியிருக்கக் கூடாதுன்னு இப்ப நினைக்கிறேன்.

ரத்த குரூப் ரெண்டு பேருக்கும் ஓ, ஒத்துப் போச்சு. அவன் கிட்னியை என் உடம்பு ஏத்துக்குமான்னு பாக்கற டிஷ்யூ மேட்ச், கிராஸ்மேட்ச், அப்புறம் 24 மணி நேர யூரின் எல்லாம் பார்த்தாங்க, சோஷியல் வொர்க்கர் அவனைத் தனியா உக்கார வச்சு யாராவது கட்டாயப்படுத்தினாங்களான்னு கேட்டாங்க. வெறும் வயித்துல சுகர் 6.4தான் (இங்க mmol/L கணக்கு). அதுக்கப்புறம் குளுக்கோஸ் தண்ணி குடிக்க வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு பார்த்ததுல 13.2. திரும்பவும் எடுத்தாங்க, அப்பவும் அப்படியேதான். அவனுக்கு சுகர் இருக்கறதே அன்னிக்குத்தான் தெரிஞ்சது. டாக்டர் முடியாதுன்னுட்டாரு. நம்ம நாட்டுல புதுசா டயாலிசிஸுக்கு வர்றவங்கள்ல பாதிக்கு மேல சுகராலதான் வர்றாங்க, இவன்கிட்ட ஒண்ணை எடுத்துட்டு நாளைக்கு எனக்குப் பக்கத்து நாற்காலியில இவனையும் உக்கார வைக்கவா? எனக்கு உடனே புரிஞ்சது.

சொந்தக்காரங்களுக்குப் புரியல. புரிஞ்சுக்கவும் இஷ்டம் இல்ல. "சுகர்னு ஒரு பேப்பரை வாங்கிக்கிட்டு நழுவிட்டான், பொண்டாட்டி பேச்சைக் கேட்டு"ன்னு ஒரு சாவு வீட்டுல வச்சு பேசியிருக்காங்க. அது அவன் காதுக்குப் போயிடுச்சு. மூணு மாசம் என் வீட்டுப் பக்கமே வரல, போன் பண்ணா அந்தப் பொண்ணுதான் எடுப்பா, "அவரு தூங்கறாரு அக்கா"ம்பா. கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை நானே பட்டர்வொர்த்துல கொமுட்டர் ரயில் ஏறிப் போனேன். வாசல்ல என்னைப் பார்த்ததும் "மன்னிச்சுடு அக்கா"ன்னான். ஏதோ திருடிட்டு மாட்டினவன் மாதிரி. எதுக்குடா மன்னிக்கணும்? சுகர் வந்தது அவன் தப்பா? அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

தம்பியை ரொம்பத் தாங்கறேன்னு சில பேர் நினைப்பீங்க. நினைச்சுக்குங்க. குடுக்க வந்தவனை கூண்டுல ஏத்தினாங்க, குடுக்கறேன்னு வாயே திறக்காதவங்களை யாரும் ஒண்ணும் கேக்கல.

லிஸ்ட்ல என் பேர் இருக்கு. இறந்தவங்ககிட்ட இருந்து வர்றதுக்குக் காத்திருக்கவங்க மலேசியாவுல பத்தாயிரம் பேருக்கு மேல. உறுப்பு தானம் பண்றேன்னு மைசெஜாத்ராவுல (அரசாங்க ஹெல்த் ஆப்) பதிஞ்சு வச்சிருந்தாலும் கடைசி நேரத்துல குடும்பம் சரின்னு சொன்னாத்தான் எடுப்பாங்க, அதனால பதியறவங்க வீட்டுலயும் வாய்விட்டு சொல்லி வைங்க. 1975லயே ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர்ல முதல் கிட்னி மாத்திட்டாங்க, இத்தனை வருஷம் கழிச்சும் குடுக்கறவங்க இல்லாமத்தான் நாங்க உக்காந்திருக்கோம். இந்தியாவுக்குப் போய் காசு குடுத்து வாங்கிக்கன்னு சொல்றவங்களும் உண்டு, அங்க 1994ல இருந்தே அது சட்டப்படி குற்றம், ஏழை வயித்தைக் கிழிச்சு எடுத்தது எனக்கு வேண்டாம்.

     

சரி, உங்களுக்கு வரேன். குடுக்கணும்னு மனசு இருந்தா குடுங்க, நல்லா பரிசோதிச்சு எடுத்தா ஒரு கிட்னியோட நல்லா இருக்கலாம்னு எங்களுக்கு விளக்கினாங்க. அண்ணன்கிட்டயும் வீட்டுல கட்டினவர் இருந்தா அவர்கிட்டயும் மட்டும் பேசுங்க, வீட்டுக்கு வெளிய மத்த யாருக்கும் தெரிய வேணாம். முதல்ல பக்கத்து கிளினிக்ல உங்க சுகர், பிரஷர், யூரின் பாருங்க, சுகர்ல அந்த ரெண்டு மணி நேர டெஸ்ட்டையும் கேட்டு எடுங்க. எல்லா ரிசல்ட்டும் கையில வந்து டாக்டர் தேதி சொல்ற வரைக்கும் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வரி போடாதீங்க. உங்களால முடியாதுன்னு வந்துட்டா அன்னிக்கு சாயந்திரமே அண்ணன் வீட்டுக்குப் போங்க, என் தம்பி மாதிரி மூணு மாசம் ஒளியாதீங்க. கெடாவுல வெள்ளிக்கிழமை லீவுங்கறதால இப்ப வெள்ளிக்கு வெள்ளி அவன்தான் என்னை செண்டர்ல இருந்து கூட்டிக்கிட்டு வரான், கார்ல ஏறின உடனே அன்னிக்கு அவனோட சுகர் எவ்வளவுன்னு நான் கேப்பேன், எனக்கு எத்தனை கிலோ இழுத்தாங்கன்னு அவன் கேப்பான்.