லைட் செட்டுக்கு நெட்வொர்க் வாங்கலாமா? மலையிலிருந்து மூன்று கேள்விகள்

கேள்வி: கோத்தகிரியில் லைட் செட் வாடகைக்கு விடுகிறேன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று தொழில் ஓடுகிறது. கையில் 12 மூவிங் ஹெட் (தானாகத் திரும்பும் லைட்), 24 எல்இடி பார் (நீளப் பட்டை லைட்) இருக்கின்றன. கோயம்புத்தூர் கடைக்காரர் ஒருவர், லைட்டுகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் கேபிள் இழுக்கிற காலம் போய்விட்டது, இனி எல்லாம் லேன் வழியாகப் போகும் ஆர்ட்-நெட்தான் என்று சொல்லி, லேனில் வருவதை டிஎம்எக்ஸாக மாற்றித் தரும் எட்டு போர்ட் நோடு, வைஃபை ரௌட்டர், லேன் கேபிள் எல்லாம் சேர்த்து கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா அண்ணா?

பதில்: முதலில் சேனலைக் கூட்டுங்கள், அதாவது வெளிச்சம், நிறம், திருப்பம் என்று லைட்டின் ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றாக வேண்டிய கட்டளைகளை. மூவிங் ஹெட் 16 சேனல், பார் 8 சேனல் என்று வைத்தால் 192-உம் 192-உம் சேர்ந்து 384. ஒரு டிஎம்எக்ஸ் லைன் சுமக்கும் சேனல் தொகுப்புக்கு யூனிவர்ஸ் என்று பேர், அதில் 512 சேனல் உண்டு. உங்கள் சரக்கு மொத்தமும் ஒரே யூனிவர்ஸில் அடங்கி, இன்னும் 128 மிச்சம் இருக்கிறது. அப்படியிருக்க, போர்ட்டுக்கு ஒரு யூனிவர்ஸ் தரும் எட்டு போர்ட் எதற்கு?

உங்களுக்கு உண்மையில் இருக்கிற பிரச்சினை வேறு. ஒரே டிஎம்எக்ஸ் லைனில் 32 லைட் வரைதான் தொடுக்கலாம், உங்களிடம் 36 இருக்கின்றன. அதையும் மீறித் தொடுத்துக்கொண்டே போனால் கடைசி லைட்டுகள் தானாகத் துள்ளும், ஆளுக்கு ஆள் கேபிளைக் குறை சொல்வார்கள். ஒரு லைனைப் பல லைனாகப் பிரிக்கும், ஐசொலேஷன் (ஒன்றின் கரண்ட் கோளாறு மற்றதைத் தொடாத தடுப்பு) உள்ள ஒரு ஸ்ப்ளிட்டரும், ஒவ்வொரு லைனின் முடிவிலும் சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டரும் போட்டால் தீர்ந்தது, கொட்டேஷனில் இருப்பதைவிட ரொம்பக் குறைவாகத்தான் செலவாகும்.

கேபிள் இழுக்கிற காலம் போச்சு என்பதும் பாதி உண்மைதான். ஆர்ட்-நெட் என்பது 1998-இல் ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கொண்டுவந்த முறை, டிஎம்எக்ஸ் தகவலை லேன் வழியாக அனுப்பும். அந்த லேன் கேபிள் நோடு வரைக்கும்தான் வரும். நோடிலிருந்து லைட்டுக்கு, லைட்டிலேயே லேன் சாக்கெட் இல்லாவிட்டால், பழைய டிஎம்எக்ஸ் கேபிளையேதான் இழுக்க வேண்டும்.

பிக்சல் பார் மாதிரி சேனலை விழுங்கும் லைட் சேர்க்கப் போகிறீர்கள், அல்லது லைட்டுகளை இயக்கும் கன்சோலை மைதானத்தின் மறுகோடியில் வைக்கிற வேலை அதிகம் வருகிறது என்றால் இரண்டு அல்லது நான்கு போர்ட் நோடு வாங்குங்கள், தப்பில்லை. லேனில் ஒரு நல்ல குணமும் இருக்கிறது: மேடை ஜெனரேட்டரிலும் கன்சோல் மண்டபத்துக் கரண்டிலுமாக ஓடும் இடங்களில் எர்த் வித்தியாசம் ஐசொலேஷன் இல்லாத டிஎம்எக்ஸ் சிப்பைச் சாப்பிட்டுவிடும், லேன் போர்ட்டிலோ உள்ளேயே சின்ன டிரான்ஸ்பார்மர் இருப்பதால் ஷீல்டு இல்லாத கேபிளைப் போட்டால் அந்தத் தொல்லை இருக்காது. ஆனால் கடையிலேயே ஒரு லைட்டை எரியவிட்டு, நோடுக்கு வரும் லேன் கேபிளை உருவிப் பாருங்கள். லைட் அப்படியே நிற்க வேண்டும், அல்லது நீங்கள் செட்டிங்கில் சொன்னபடி அணைய வேண்டும். கண்டபடி மின்னினால் காசு கொடுக்காதீர்கள். ஆர்ட்-நெட்டோடு, லேனில் டிஎம்எக்ஸ் அனுப்பும் இன்னொரு முறையான எஸ்ஏசிஎன்-உம் பேசுகிறதா, ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி ஐசொலேஷன் உண்டா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வைஃபை ரௌட்டர்? லைட் ஃபோகஸ் பண்ணும்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு ஏணிப் பக்கம் நடக்க வசதி. கூட்டம் வந்து ஆளுக்கொரு போன் பாக்கெட்டில் இருக்கும் நேரத்தில் அதை நம்பி ஷோ நடத்தாதீர்கள்.

கேள்வி: கொடைக்கானலில் ஒரு பள்ளி அரங்கத்தில் நிரந்தரமாக லைட்டிங் வைக்கிறோம். கன்சோல் அறைக்கும் மேடைக்கும் 60 மீட்டர். கம்ப்யூட்டர் லேபின் ஸ்விட்ச் பக்கத்திலேயே இருக்கிறது, அதிலேயே சொருகிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். கடையில் விலை கூடின ஜிகாபிட் ஸ்விட்சுதான் வேண்டும் என்கிறார்கள்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். ஒரு யூனிவர்ஸ் நொடிக்கு 44 தடவை முழுசாகப் போனாலும் கால் மெகாபிட் அளவுதான். நாலைந்து யூனிவர்ஸுக்கு 100 மெகாபிட் ஸ்விட்சே தாராளம். ஆனால் அது லைட்டுக்கென்று தனி ஸ்விட்சாக இருக்க வேண்டும். லேபில் நாற்பது பிள்ளைகள் வீடியோ பார்க்கும் நேரத்தில் ஒத்திகை நடந்தால் என்ன ஆகும் என்று பரிசோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எஸ்ஏசிஎன் வேறு, பல கருவிகளுக்கு ஒரே தடவையில் அனுப்பும் மல்ட்டிகாஸ்டில் போகும், யார் கேட்கிறார்கள் என்று பார்த்து அங்கே மட்டும் அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இல்லாத ஸ்விட்ச் அதை எல்லா போர்ட்டுக்கும் வாரி இறைக்கும், லேப்காரர்களும் உங்களைத் திட்டுவார்கள். வாங்கும் ஸ்விட்சில் கரண்டை மிச்சப்படுத்தும் ஈஇஇ வசதி இருந்தால் அணைத்து வையுங்கள், பாக்கெட்டைத் தாமதிக்கிற சில்லறைத் தொல்லைகள் அதனால் வருவதுண்டு.

மிச்சமாகும் பணத்தைக் கேபிளில் போடுங்கள். 60 மீட்டர் என்பது 100 மீட்டர் வரம்புக்குள்தான், ஆனால் சந்தையில் பாதி விலைக்குக் கிடைப்பது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேறு கட்டடத்துக்கு வெளிவழியாகப் போகிற லைன் இருந்தால் அங்கே மட்டும் ஃபைபர் போடுங்கள். ஏப்ரல், மே மாதத்து இடி மின்னலைக் கொடைக்கானல்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் மாட்டியும் லைட் அசையவில்லை என்றால் நோடு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆர்ட்-நெட்டில் யூனிவர்ஸ் எண் 0-இல் தொடங்கும், எஸ்ஏசிஎன்-இல் 1-இல் தொடங்கும். கன்சோலில் ஓர் எண், நோடில் வேறு எண் என்று நின்றிருக்கும். ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

கேள்வி: குன்னூரில் நான் ஒருவனே லைட் தொழில் பார்க்கிறேன். வேறு ஊரில் வாங்கிய நோடில் இரண்டு போர்ட் வேலை செய்யவில்லை. வாரண்டி இருந்தும் கடைக்காரர் மாற்றித் தரவில்லை. தொழிலுக்கு வாங்கியது நுகர்வோர் வழக்கில் வராது என்று வேறு மிரட்டுகிறார்.

பதில்: வரும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, அதே இடத்திலேயே சுயதொழில் செய்து பிழைக்க மட்டும் வாங்கியவருக்கு விலக்கும் இருக்கிறது, அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். அதில் நகராவிட்டால் வழக்கு. வாங்கிய ஊருக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியிலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில், வாரண்டி அட்டை, கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும், அந்த இரண்டு போர்ட்டும் வேலை செய்யாததை இப்போதே வீடியோ எடுத்து வையுங்கள்.