மொரிசியஸ் கெஸ்ட்ரலை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி: அக்டோபரில் மொரிசியஸ் செல்கிறேன். அங்குள்ள அரிய கெஸ்ட்ரல் என்ற சிறு ராஜாளியை எப்படி அடையாளம் காண்பது? நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வரும் சிற்றெழால் போலவே இருக்குமா?

பதில்: நிறத்தில் சாயல் உண்டு. பறக்கும் விதத்தில் இரண்டும் வேறு வேறு. சிற்றெழால் வெட்டவெளியில், அந்தரத்தில் சிறகடித்தபடி நின்று இரை தேடும். மொரிசியஸ் கெஸ்ட்ரல் அப்படி நிற்பது அபூர்வம். அது காட்டுப் பறவை. மரக்கிளைகளுக்கிடையே புகுந்து, பச்சை நிறப் பகல் பல்லிகளைக் கொத்திச் செல்லும். ஆகவே வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். காட்டின் ஓரத்துக் கிளைகளைத் துழாவுங்கள்.

முதலில் இறக்கையைப் பாருங்கள். குட்டையாக, நுனி உருண்டு இருக்கும். நம் வல்லூற்றை (ஷிக்ரா) பறக்கக் கண்டிருந்தால் அந்த வடிவம் உங்களுக்குப் பழக்கமானதுதான். பறவை உட்கார்ந்துவிட்டால் மார்பைப் பாருங்கள்: வெண்மையான மார்பில், மை தெளித்ததுபோல் வட்டக் கரும்புள்ளிகள். முதுகு செம்பழுப்பு, அதில் கறுப்புப் பட்டைகள். ஆண் சிற்றெழாலின் சாம்பல் தலையை இங்கே தேட வேண்டாம்; ஆணும் பெண்ணும் ஒரே நிறம்தான், பெண் சற்றுப் பெரியது.

தீவில் நிலையாக வாழும் பகல்நேர வேட்டைப் பறவை இது ஒன்றே. ஆனாலும் வலசை வரும் வேறு ராஜாளிகள் எப்போதாவது தென்படும். அரிவாள்போல் நீண்டு கூர்ந்த இறக்கை தெரிந்தால் அது நீங்கள் தேடும் பறவை அல்ல.

தென்மேற்கில் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா, கிழக்கில் பாம்பூ மலைத்தொடரை ஒட்டிய ஃபெர்னே பள்ளத்தாக்கு ஆகிய இடங்களுக்குச் செல்லுங்கள். என் தேர்வு ஃபெர்னே. உள்ளூர் வழிகாட்டியோடு போவது நல்லது.

1974இல் காட்டில் எஞ்சியதாக அறியப்பட்டவை 4 பறவைகள் மட்டுமே. காடழிப்பும் டிடிடி பூச்சிக்கொல்லியும் அந்த நிலைக்குத் தள்ளின. 'கோழி தின்னி' என்று பொருள்படும் பட்டப்பெயர் சூட்டி மக்கள் சுட்டும் கொன்றார்கள். பல்லி பிடித்து வாழும் பறவைக்கு அந்தப் பெயர் எவ்வளவு பெரிய அநீதி! உயிரினப் பாதுகாப்பு ஆய்வாளர் கார்ல் ஜோன்ஸ் குழுவினர் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டதால் இனம் பிழைத்தது. ஆனாலும் 2014இல் மீண்டும் அழியும் அபாயத்திலுள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டது.

நீங்கள் போவது இனப்பெருக்க காலம். பாறைப் பொந்துகளிலும் மனிதர்கள் வைத்த கூட்டுப் பெட்டிகளிலும் முட்டையிட்டிருக்கும். ஒரு பறவை உங்களைப் பார்த்து விடாமல் கத்தினால் கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். படத்துக்காகக் காத்திருக்காமல் உடனே பின்வாங்குங்கள்.