கொங்குச் சமையல் சானலும் வெளிநாட்டுப் பார்வையாளரும்: கேள்வி பதில்

ஈரோட்டில் இருந்து ஒன்பது வருடமாகக் கொங்குச் சமையல் யூடியூப் சானல் நடத்துகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில்.

கோபிசெட்டிபாளையம்: அக்கா, என் வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். வந்த பணம் கரண்ட் பில்லுக்கே பத்தவில்லை. ஏன்?

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு, எந்த நாட்டில் இருந்து பார்த்தார்கள் என்பதும் கணக்கு, தம்பி. விளம்பர இடம் மஞ்சள் மண்டி மாதிரி ஏலத்தில்தான் போகிறது. அமெரிக்காவில் இருப்பவர் கண்ணில் படும் இடத்துக்குக் கம்பெனிகள் அதிக விலை கொடுக்கும். அப்புறம், நீள வீடியோ விளம்பரத்தில் நமக்கு 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45. உங்கள் இரண்டு லட்சமும் ஷார்ட்ஸா என்று முதலில் பாருங்கள்.

திருப்பூர்: வெளிநாட்டுத் தமிழருக்காக நம்ம பேச்சை மாற்றணுங்களா?

மாற்றவே மாற்றாதீங்க. முதல் வருடம் நானும் செய்தி வாசிப்பது போலத்தான் பேசினேன். ஒருநாள் சந்தகை (இடியாப்பம் மாதிரி, மர அச்சில் பிழிவது) வீடியோ. அம்மா இரண்டு கையாலும் பலகையை அழுத்த, மரம் கிர்ரென்று முனகுகிறது. மூச்சு வாங்கிக்கொண்டே, "சூடு ஆறிப்போச்சுன்னா எறங்காது கண்ணு, வெரசாக் கொண்டா" என்கிறார். அதை வெட்ட மறந்துவிட்டேன். துபாயில் இருந்தும் கோலாலம்பூரில் இருந்தும் எழுதியவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதினார்கள். பேச்சை விட்டுவிட்டு அளவைக் கவனியுங்கள். ஆழாக்கு என்று சொன்னால் திரையில் கிராமையும் போடுங்கள். டொராண்டோ சமையலறையில் ஆழாக்கு இருக்காது. ஆங்கில சப்டைட்டிலையும் தானாக வருவதை நம்பாமல் நீங்களே திருத்துங்கள்.

பவானி: அமெரிக்க வரி என்கிறார்களே?

அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர் யூடியூப் வருமானத்துக்குக் கொடுக்கும் வரிப் படிவம்தான் டபிள்யூ-8 பென். அதை உடனே நிரப்புங்கள். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளரால் வந்த வருமானத்தில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகலாம். பிடித்ததை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்வது பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பொள்ளாச்சி: சானல் பெயர் 'பொள்ளாச்சி இளநீர்'. டிரேட்மார்க்காகப் பதிவு செய்யலாமா?

பதிவு அவசியம். ஆனால் இந்தப் பெயர் வேண்டாம். என் நான்காம் வருடத்தில் ஒருவர் என் சானல் பெயரையும் லோகோவையும் ஒட்டி மசாலா விற்றார். நமத்துப்போன பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பி, வாங்கியவர்கள் என்னைத் திட்டினார்கள். காட்டுவதற்கு என் கையில் ஒரு காகிதம் இல்லை. அன்றைக்கு அழுதேவிட்டேன். தனிநபருக்கு டிரேட்மார்க் விண்ணப்பம் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவையின் வகைக்கு) 4,500 ரூபாய். வீடியோவுக்கு 41ஆம் வகுப்பு, மசாலாவுக்கு 30. பதிவு 10 வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். இந்தியாவுக்குள் மட்டும்தான் அது செல்லும். சிங்கப்பூரில் விற்கப் போனால் அங்கேயும் வேண்டும். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் டிரேட்மார்க் ஏற்பாடான மாட்ரிட் முறையில் 2013இல் இந்தியா சேர்ந்ததால், ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு கேட்கலாம்.

சரி, உங்கள் பெயருக்கு வருவோம். ஊர்ப் பெயரும் பொருள் பெயரும் மட்டும் சேர்ந்தால் பதிவு கிடைப்பது கஷ்டம். அது எல்லாருக்கும் பொதுவான சொல். பாட்டி உங்களைக் கூப்பிட்ட செல்லப்பெயர் ஏதாவது இருந்தால் அதை வைத்துப் பாருங்கள்.