இறுதியாண்டுத் திட்டத்துக்கு இசிஜி: எங்கே தொடங்குவது?

கருவி வாங்கப் பணமில்லாமல் உயிர்மருத்துவ சிக்னல் துறையில் என்ன இறுதியாண்டுத் திட்டம் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இசிஜியில் இதயத் துடிப்பைக் கண்டறிவதை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஐடி-பிஐஎச் அரித்மியா (சீரற்ற இதயத் துடிப்பு) தரவுத்தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 47 பேரிடம் எடுத்த 48 அரைமணி நேரப் பதிவுகள். நொடிக்கு 360 மாதிரிகள்.

1985இல் பான், டாம்ப்கின்ஸ் இருவரும் வெளியிட்ட, துடிப்பைக் கண்டறியும் முறையை நீங்களே நிரலாக எழுதுங்கள். முதலில் சுமார் 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும் வடிகட்டுங்கள். வகையிட்டால், அதாவது சிக்னல் மாறும் வேகத்தைக் கணக்கிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் கூர்மையாக எழும் செங்குத்தான ஆர் அலை எடுப்பாகத் தெரியும். வர்க்கப்படுத்தினால் எல்லா மதிப்புகளும் நேர்க்குறி பெற்று, பெரிய மதிப்புகள் மேலும் பெரிதாகும். பிறகு 150 மில்லிநொடிச் சாளரத்தில் சராசரி எடுத்து, சிக்னலுக்கு ஏற்ப மாறும் வரம்பை வையுங்கள்; அதைத் தாண்டுவதே துடிப்பு.

துடிப்புகளை வகைப்படுத்தவும் விரும்பினால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஒரே நோயாளியின் துடிப்புகளை நிரலின் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் துல்லியம் 99 சதவீதம்கூட வரும். புதிய நோயாளியிடம் அது நிற்காது. 201, 202 ஆகிய இரு பதிவுகளும் ஒரே ஆளுடையவை என்பதையும் கவனியுங்கள். துல்லியம் குறைவாக வந்தாலும், நோயாளி வாரியாகப் பிரித்த முடிவையே அறிக்கையில் எழுதுங்கள்.