போகிப் புகையிலிருந்து ஆஸ்துமா உள்ள குழந்தையை வீட்டில் காப்பது எப்படி?

சென்னையில் ஒவ்வொரு போகியன்றும் விடியற்காலையில் உங்கள் ஆறு வயது மகளுக்கு இழுப்பு வந்துவிடுகிறது, ஜன்னல்களைச் சாத்தியும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

மார்கழிக் கடைசியின் குளிர்ந்த விடியலில், தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றடுக்கின் கீழ் மூடி போட்டதுபோல் அடைபட்டுக் கிடப்பதால், தெருவில் எரியும் பழைய பாய், டயர், பிளாஸ்டிக் ஆகியவற்றின் புகை கலைய வழியின்றித் தேங்குகிறது. 2018 போகியன்று சென்னையில் விமானப் போக்குவரத்தே தடைபட்டது. அப்புகையில் உள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருப்பதால், கதவிடுக்கு வழியாக நுழைந்து நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன.

எனவே முந்தைய இரவே ஜன்னல்களைச் சாத்தி, கதவின் அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்து, குழந்தையைத் தெருப்பக்கம் இல்லாத அறையில் படுக்க வையுங்கள். வீட்டுக்குள்ளேயே எழும் புகையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: அன்று கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். காலையில் ஜன்னல் விளிம்பை விரலால் தடவினால் கரி ஒட்டும்; அதைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வெயில் ஏறி, காற்று வீசிப் புகை கலைந்த பிறகே ஜன்னல்களைத் திறக்கலாம். வெளியே போக நேர்ந்தால் துணி முகக்கவசம் போதாது. முகத்தோடு படியும் என்95 வேண்டும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள், ஏனெனில் பண்டிகை நாளில் மருந்துக்கடை தேடி அலைவது பெருங்கொடுமை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்கினாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, சற்றும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.