அம்பின் இறகில் இரண்டு மூன்று நிறத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டினால் பறக்கும்போது பிரிந்துவிடாதா? எப்படிச் செய்வது?

பிரியாது. ஆனால் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ஒட்டினால்’ என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்துண்டுகளின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பசை இல்லை, இறகேதான். இது புரியாமல் நான் ஒரு வருடத்தை வீணாக்கினேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தில்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். 2010 காமன்வெல்த் போட்டியின்போது இந்தியா கேட் புல்வெளியில் நடந்த வில்வித்தை இறுதிச்சுற்றைப் பார்த்ததிலிருந்து அம்பு செய்யும் ஆசை. அங்கே எய்தவர்கள் அம்பில் சின்ன பிளாஸ்டிக் சிறகுகள்தான் இருந்தன. மூங்கில், மர வில்லுக்கு அது சரிப்படாது. நம் வில்லில் அம்பு வில்லின் மேலோ வில்லைப் பிடித்திருக்கும் கையின் மேலோ உரசிக்கொண்டு போகும். இறகு அந்த இடத்தில் மடங்கிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் மோதி அம்பைத் தள்ளிவிடும்.

சரி, இறகுக்கு வருவோம். நடுவில் தண்டு, அதிலிருந்து சாய்வாகக் கிளம்பும் இழைகள். ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுண்ணிழைகள், அவற்றில் கொக்கிகள். பக்கத்து இழையை அந்தக் கொக்கிகள் பிடித்துக்கொள்வதால்தான் இறகு ஒரே தகடு மாதிரி நிற்கிறது. ஜிப் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்கனியில் புறா உட்கார்ந்து அலகால் இறகைக் கோதுகிறதே, கலைந்த கொக்கிகளைத் திரும்ப மாட்டிக்கொள்ளும் வேலையும் அதில் அடக்கம். ஸ்ப்ளைசிங்கில், அதாவது நிறத்துண்டுகளை இணைப்பதில், நாம் செய்வதும் அந்தக் கோதல்தான். கறுப்பு இறகின் கடைசி இழையும் வெள்ளை இறகின் முதல் இழையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, விரலால் நீவிவிட்டால், ஒரே பறவையின் இறகு மாதிரி பிடித்துக்கொள்ளும்.

அதனால் வெட்டும் இடம்தான் முழு வேலையும். கத்தரிக்கோலால் குறுக்கே நறுக்கினால் இழைகள் பாதியில் துண்டாகும், பிடிக்க எதுவும் மிச்சம் இருக்காது. எங்கே பிரிக்க வேண்டுமோ அங்கே ஒரு குண்டூசியை இரண்டு இழைகளுக்கு நடுவில் நுழைத்து, விளிம்பிலிருந்து தண்டு வரைக்கும் மெல்லத் திறந்துவிடுங்கள். சின்னதாக ஒரு ‘சர்ர்’ சத்தம் வரும், கொக்கிகள் விடுபடும் சத்தம் அது. இப்போது தண்டு மட்டும்தான் பாக்கி. அதைப் புது பிளேடால், இழை எந்தக் கோணத்தில் சாய்கிறதோ அதே கோணத்தில் சாய்த்து வெட்டுங்கள். நேராக வெட்டினால் தண்டுகள் முட்டிக்கொண்டு நிற்கும், இழைகளுக்கு நடுவில் முக்கோணமாக இடைவெளி விழும். மறு நிற இறகையும் இதே போல வெட்ட வேண்டும்.

அதற்கு முன்னாலேயே தண்டை நீளவாக்கில் பிளந்து, அடிப்பாகத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கியிருக்க வேண்டும். இரண்டு துண்டுக்கும் ஒரே உயரம். ஒன்று அரை மில்லிமீட்டர் தடித்திருந்தாலும் சேரும் இடத்தில் படி மாதிரி தெரியும்.

அப்புறம் இரண்டையும் ஜிக்கின் (அம்பில் ஒட்டும்போது இறகைப் பிடித்துக்கொள்ளும் கருவி) கிளாம்ப்பில் அடுத்தடுத்து வைத்து, தண்டு முனைகள் தொடும்படி நெருக்கி, முனையில் மட்டும் ஊசி நுனியளவு பசை வையுங்கள். இழைமேல் ஒரு சொட்டுகூட படக் கூடாது. பட்டால் கொக்கிகள் செத்தன, அந்த இடம் நகம் மாதிரி இறுகிவிடும். காய்ந்த பிறகு தண்டிலிருந்து விளிம்பை நோக்கி நீவுங்கள். முழு இறகையும் அம்பில் ஒட்டிய பிறகு தண்டின் அடி முழுக்க மரத்தைப் பற்றிக்கொள்கிறது. அதனால்தான் பிரியாது என்று தைரியமாகச் சொல்கிறேன். முன் நுனியை இழைத்துச் சரிவாக்கி நூல் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது கையைக் கிழிக்கும். விளிம்பை வடிவமாகக் கத்தரிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

நான் வீணாக்கிய அந்த வருடத்தைப் பற்றி. திண்டுக்கல் பக்கம் வான்கோழி வளர்க்கும் என் சித்தப்பா பை நிறைய இறகு கொடுத்தனுப்பினார். வெள்ளையில் இடது சிறகு நிறைய, கறுப்பில் வலது சிறகு நிறைய. இரண்டையும் சேர்த்தேன். கிளாம்ப்பில் பிடித்தபோது அழகாகத்தான் இருந்தது. இருபது மீட்டரில் மூன்றாவது முறை எய்தபோதே இணைப்பு வாய் பிளந்துவிட்டது, அம்பும் வாலை ஆட்டிக்கொண்டே போனது. காரணம் எளிது. இடது சிறகின் இறகு ஒரு பக்கம் வளையும், வலது சிறகின் இறகு மறுபக்கம் வளையும். அம்பைச் சுழல வைப்பதும் அந்த வளைவுதான். நீங்கள் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்பது முக்கியமில்லை. ஒரு அம்பில் இருக்கும் மூன்று இறகும், அவற்றின் எல்லாத் துண்டுகளும், ஒரே பக்கச் சிறகாக இருக்க வேண்டும். இறகு கைக்கு வந்ததும் முதல் வேலையாக இடது, வலது என்று இரண்டு உறையில் பிரித்துவிடுங்கள். (சித்தப்பாவிடம் இப்போது இறகுகளைச் சிறகு வாரியாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன். ‘ஏண்டா, இதுக்கு ஒரு கணக்கா’ என்று கேட்டாலும் தவறாமல் கட்டி அனுப்புகிறார்.)

ஊரில் வான்கோழி வளர்ப்பவர் தெரிந்தால் அவரிடமே கேளுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் வான்கோழி-1 என்ற ரகம், கறுப்பு நாட்டு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் என்ற வெளிநாட்டு வெள்ளை இனத்தையும் கலந்தது. தில்லியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலும் வான்கோழி வரும், சிறகை மட்டும் கேட்டு வாங்கலாம்.

மயிலிறகு சேர்க்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மலை மந்திருக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வரும்போது அங்கே உலாவும் மயில்களைப் பார்த்தால் எனக்கும் ஆசை வரும். ஆனால் தோகையின் இழைகள் தனித்தனியாகத் தொங்குபவை, ஒன்றையொன்று பிடிக்காது, ஸ்ப்ளைசிங்குக்கு உதவாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பருந்து, கிளி இறகையும் தேடிப் போகாதீர்கள். வெள்ளை வான்கோழி இறகைச் சாயத்தில் முக்கினால் வேண்டிய நிறம் கிடைக்கும்.

தொடங்கும்போது இரண்டு நிறம், ஒரே இணைப்பு போதும். ஒரு அங்குலத்துக்குக் குறைவான துண்டு வேண்டாம், பற்றிக்கொள்ளத் தண்டில் இடம் இருக்காது. நாணுக்குச் செங்குத்தாக நிற்கும் இறகை மட்டும் வேறு நிற வரிசையில் செய்தால் அம்பை மாட்டும்போது பார்த்ததுமே திசை தெரியும். ஆனால் மூன்றிலும் இணைப்பு ஒரே இடத்தில், ஒரே எண்ணிக்கையில் இருக்கட்டும், எடை மாறக் கூடாது.

பெட்டியில் நசுங்கி இறகு கலைந்தால் பதற வேண்டாம். இட்லிப் பானை ஆவியில் பத்து விநாடி காட்டித் திருப்புங்கள், இறகு தானாக நிமிரும். இணைப்பு திறந்திருந்தால் ஈரம் போன பிறகு விரலால் இரண்டு தரம் கோதிவிடுங்கள், மூடிக்கொள்ளும்.