இது முன்பு எங்கே இருந்தது? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். காரைக்குடியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறாள். போன வருடம் போயிருந்தபோது மாப்பிள்ளை ஒருநாள் மியூனிக் அழைத்துப்போய் ஆல்ட்டே பினகோதெக் மியூசியத்தைக் காட்டினார். இரண்டு மணி நேரம் நடந்தோம். அறைக்கு அறை சிலுவை, மாதா, புனிதர்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கால் வலிதான் மிச்சம். வெளியே வந்ததும் மாப்பிள்ளை "எப்படி அத்தை இருந்தது?" என்று கேட்டார். "நல்லா இருந்தது" என்று சொன்னேன். அது பொய் என்பது இன்றுவரை மனதை உறுத்துகிறது. வரும் மே மாதம் மறுபடியும் போகிறேன், இரண்டு மாதம் இருப்பேன். ஓவியம் படிக்காத ஒருத்தி இந்த இடங்களுக்குப் போவதில் அர்த்தம் உண்டா? உண்டு என்றால் எதை, எப்படிப் பார்ப்பது?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன். அதே கட்டடத்தில், முதல் தடவை போனபோது, ஒரே காலையில் எல்லா அறைகளையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினேன். மதியம் வெளியே புல்வெளியில் உட்கார்ந்தபோது ஒரு படம்கூட நினைவில் இல்லை. உங்களிடம் ஒரு குறையும் இல்லை, டீச்சர். அவ்வளவு படங்களை ஒரே மூச்சில் யாராலும் பார்க்க முடியாது.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேள்விதான். ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் நின்று, "இது இங்கே வருவதற்கு முன் எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். காரைக்குடிக்காரரான உங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளின் வாசலில் தேக்குக் கதவுகள் சாய்த்து வைத்திருப்பார்கள். அதைப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு அது அழகான வேலைப்பாடு. உங்களுக்கு அது யாரோ ஒருவர் வீட்டு நிலை. எந்த ஊர் வீடு, எத்தனை கல்யாணம் அந்த வாசலைக் கடந்திருக்கும், ஏன் இடித்தார்கள் என்று மனம் தானாகப் போகும். அந்த மனத்தோடு மியூசியத்துக்குள் போனால் போதும். ஓவியப் படிப்பு அப்புறம் வரட்டும்.

ஏன் இத்தனை சிலுவைகள் என்பதற்கும் அந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அந்தப் படங்களில் பல சுவரில் மாட்டுவதற்காக வரையப்பட்டவை அல்ல. பலிபீடத்தின் மேல் கதவுகள்போலத் திறந்து மூடும் பலகைகள் அவை. சாதாரண நாளில் மூடியிருக்கும், திருநாளில் திறப்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில், கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்து மார்ட்டின் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தம் வந்தபோது பல ஊர்களில் அவை ஓரங்கட்டப்பட்டன. 1803ஐ ஒட்டி பவேரிய அரசு மடங்களைக் கலைத்துச் சொத்துகளை எடுத்துக்கொண்டபோது, மடங்களில் இருந்த படங்கள் வண்டி வண்டியாக அரசுச் சேகரிப்புக்கு வந்து சேர்ந்தன. நீங்கள் நடந்த அறைகளில் பாதி, வேறு வேறு ஊர்களின் கர்ப்பக்கிருகங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஐம்பது கோவில் மூலவரைப் பார்த்தால் நமக்கும் முகங்கள் குழம்பித்தான் போகும்.

சரி, மியூனிக்கிலிருந்தே தொடங்குகிறேன். அடுத்த முறை ஆல்ட்டே பினகோதெக் போனால், உள்ளே நுழையும் முன் தெற்குப் பக்கம் போய்க் கட்டடத்தை வெளியிலிருந்து பாருங்கள். க்ளென்ட்ஸே என்ற கட்டடக் கலைஞர் கட்டி 1836இல் திறந்த மாளிகை அது. நீண்ட சுவரின் நடுப்பகுதி மட்டும் அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் செங்கல்லாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து பிளந்த இடம் அது. 1950களில் டோல்காஸ்ட் என்ற கட்டடக் கலைஞர் அதைச் சரிசெய்தார். பழையபடியே அச்சு அசலாகக் கட்டிக் காயத்தை மறைக்க அவர் விரும்பவில்லை. இடிபாடுகளில் பொறுக்கிய செங்கற்களை வைத்து அந்தப் பிளவை நிரப்பினார். கிழிந்த பட்டுப் புடவையில் வேறு துணி வைத்துத் தைத்தது மாதிரி, தையல் தெரியும்படி விட்டுவிட்டார். அதற்குப் பின்னால்தான் நீங்கள் ஏறிய அந்த நீண்ட படிக்கட்டு இருக்கிறது. எனக்கு அந்த மியூசியத்தில் மிகவும் பிடித்த இடம் அந்தச் சுவர்தான்.

உள்ளே அன்றைக்கு ஒரே ஒரு படத்துக்குப் போங்கள் என்று சொல்வேன். ஆல்பிரெக்ட் ட்யூரரின் 'நான்கு அப்போஸ்தலர்கள்', 1526. இரண்டு உயரமான பலகைகள், ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்கு மேல். இடப்பக்கம் சிவப்பு மேலங்கியில் யோவான், கையில் திறந்த புத்தகம், பின்னால் சாவியோடு பேதுரு. வலப்பக்கம் வெள்ளை மேலங்கியில் பவுல், அவருக்குப் பின்னால் மாற்கு. பவுலின் அங்கி மடிப்புகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள், கல்லில் செதுக்கியது போல இருக்கும். பிறகு மாற்கின் கண்ணைப் பாருங்கள். வெண்விழி பளிச்சென்று தெரிய, பக்கவாட்டில் யாரையோ திரும்பிப் பார்க்கிறார்.

இது முன்பு எங்கே இருந்தது? நியூரம்பர்க் நகர மன்றத்தில். அந்த நகரம் 1525இல் லூத்தரின் பக்கம் சேர்ந்தது. மறுவருடம் ட்யூரர் தன் சொந்த ஊருக்கு இதைப் பரிசாகக் கொடுத்தார். அடியில் லூத்தரின் மொழிபெயர்ப்பிலிருந்து சில வேத வசனங்களை எழுதுவித்தார். ஆட்சியில் இருப்பவர்கள் மனிதரின் போதனையைத் தேவ வார்த்தையாக எடுத்துக்கொண்டு வழி தவறக்கூடாது என்ற எச்சரிக்கை அது. நூறு வருடம் கழித்து, 1627இல், பவேரியாவின் கத்தோலிக்க ஆட்சியாளர் முதலாம் மாக்சிமிலியன் இந்தப் படங்களைக் கேட்டார். சக்தி வாய்ந்தவர் கேட்டால் மறுக்க முடியுமா? நகர மன்றம் ஓவியங்களோடு நகல்களையும் செய்து அனுப்பியது. லூத்தரின் வரிகளைப் பார்த்து மனம் மாறி அசலைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. அவரோ வசனங்கள் இருந்த அடிப்பட்டையை ரம்பத்தால் அறுத்து, நகல்களோடு சேர்த்து நியூரம்பர்க்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, உருவங்களை வைத்துக்கொண்டார். வார்த்தை ஒரு ஊரிலும் முகம் இன்னொரு ஊரிலுமாக ஏறத்தாழ 300 வருடம். 1922இல்தான் மறுபடியும் ஒட்டினார்கள். நான் இந்தக் கதை தெரிந்த பிறகு போனபோது முகங்களை விட்டுவிட்டு முதலில் குனிந்து அந்தப் பட்டையைத்தான் பார்த்தேன். நீங்களும் குனிந்து பாருங்கள், ஆனால் ரொம்பக் கிட்டே போகாதீர்கள். காவலர்கள் அங்கே கண்டிப்பாக இருப்பார்கள், காரணமும் உண்டு. 1988இல் இதே மியூசியத்தில் ஒருவன் ட்யூரரின் படங்கள்மீது அமிலத்தை ஊற்றினான். அவற்றைச் சரிசெய்யப் பல வருடங்கள் ஆயின.

பக்கத்தில் நேரம் இருந்தால் ஆல்ட்டோர்ஃபரின் 'அலெக்சாண்டரின் போர்' (1529). பொடிப்பொடியாக எண்ண முடியாத படைவீரர்கள், மேலே சூரியன் மறைகிற பெரிய வானம். 1800இல் பிரெஞ்சுப் படைகள் பாரிசுக்குக் கொண்டுபோய், நெப்போலியனின் மாளிகையில் மாட்டப்பட்டு, அவர் வீழ்ந்த பிறகு திரும்பி வந்தது.

மியூனிக்கில் இன்னொரு நாள் கிடைத்தால் லென்பாஹ்ஹவுஸ் மியூசியம். அங்கே சிலுவைகள் இல்லை, நீலக் குதிரை உண்டு. ஃபிரான்ஸ் மார்க் 1911இல் வரைந்தது. வரைந்தவர் ஐந்து வருடத்தில் வெர்டன் போர்க்களத்தில் இறந்துபோனார். அங்கே உங்கள் மனதில் நிற்கப்போவது காபிரியேல மியுன்டர் என்ற பெண் ஓவியராக இருக்கும் என்று நினைக்கிறேன். அவரும் ஓவியர் கண்டின்ஸ்கியும் மூர்னாவ் என்ற சிற்றூரில் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்ந்து வரைந்தவர்கள். 1914இல் முதல் உலகப் போர் வந்தது. ரஷ்யரான கண்டின்ஸ்கி வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு ரஷ்யாவில் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். அவர் விட்டுச்சென்ற படங்கள் மியுன்டரிடம் தங்கின. நாஜிகள் 1937இல் இதே மியூனிக்கில் இந்த மாதிரி ஓவியங்களை 'சீரழிந்த கலை' என்று கண்காட்சி வைத்துக் கேவலப்படுத்தினார்கள். அந்தக் காலம் முழுக்க மியுன்டர் மூர்னாவ் வீட்டின் நிலவறையில் அவற்றை ஒளித்து வைத்திருந்தார். தன்னைக் கைவிட்டவரின் படங்கள் அவை. கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 1957இல், தன் எண்பதாம் பிறந்தநாளையொட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை மியூனிக் நகரத்துக்குக் கொடுத்தார். அந்த அறைகளில் நிற்கும்போது எனக்கு வண்ணங்களைவிட அந்த நிலவறைதான் கண்முன் வரும்.

வூர்ட்ஸ்பர்க் ஸ்டுட்கார்ட்டிலிருந்து கொஞ்சம் தூரம். ஆனால் முடிந்தால் போங்கள். திலமன் ரீமன்ஷ்னைடர் என்ற சிற்பி அங்கே வாழ்ந்தவர், நகரத்தின் மேயராகவும் இருந்தவர். சந்தையில் இருக்கும் மரியன்காப்பெல்லே தேவாலய வாசலுக்காக ஆதாமையும் ஏவாளையும் கல்லில் செதுக்கினார். இப்போது வாசலில் நிற்பவை நகல்கள். அசல்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலைமேல், மரியன்பெர்க் கோட்டையின் மியூசியத்தில் இருக்கின்றன. 1525இல் விவசாயிகள் பிரபுக்களை எதிர்த்து எழுந்த உழவர் போரில் நகர மன்றம் விவசாயிகள் பக்கம் சாய்ந்தது. தோற்றதும் ரீமன்ஷ்னைடரைப் பிடித்து, அந்தக் கோட்டையிலேயே அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். எந்தக் கோட்டையில் அவரை வதைத்தார்களோ, அதே கோட்டைக்குத்தான் அவர் செய்த உருவங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த ஏவாளின் முகம் சின்னப் பெண்ணின் முகம். கொஞ்சம் தலை சாய்த்து, எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல நிற்பாள்.

கார்ல்ஸ்ரூஹ நகர மியூசியத்தில் க்ரூனவால்ட் என்ற ஓவியரின் சிலுவைப்பாடு இருக்கிறது, டௌபர்பிஷோஃப்ஸ்ஹைம் என்ற ஊரிலிருந்து வந்தது. பாரம் தாங்காமல் சிலுவையின் குறுக்குக் கட்டை வில்லாக வளைந்திருக்கும், இடுப்புத் துணி கந்தல். 'எல்லாச் சிலுவையும் ஒன்றுபோல' என்று எழுதியிருந்தீர்கள் இல்லையா, இந்த ஒன்றைப் பார்த்த பிறகு அப்படி எழுதமாட்டீர்கள். அங்கே பழைய கட்டடம் பழுதுபார்ப்பில் மூடியிருப்பதால் சேகரிப்பின் ஒரு பகுதியை வேறு கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். போகும் முன் மகளை இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் மகள் ஊர். ஸ்டுட்கார்ட்டின் ஷ்டாட்ஸ்காலரி என்ற ஓவிய மியூசியம். 1984இல் ஜேம்ஸ் ஸ்டர்லிங் கட்டிய புதுப் பகுதியில் கைப்பிடிகள் நீலமும் இளஞ்சிவப்புமாகக் கைக்கு அடங்காத பருமனில் இருக்கும், தரை பச்சை ரப்பர். நடுவில் கூரையில்லாத வட்ட முற்றம். அதைச் சுற்றி ஒரு பொதுநடைபாதை போகிறது, டிக்கெட் வாங்காதவர்களும் அந்த வழியாக நடந்து போகலாம். உள்ளே யோர்க் ரட்கேப் என்பவர் 1519இல் வரைந்த ஹெரன்பெர்க் பலிபீடம் இருக்கிறது. ஆளைவிட உயரமான பலகைகள், கூட்டமும் கத்தலும் நிறைந்த காட்சிகள், அமைதி என்பதே இல்லாத வண்ணங்கள். ரட்கேப்பும் உழவர் போரில் விவசாயிகள் பக்கம் நின்றவர். 1526இல் ஃபோர்ட்ஸ்ஹைமில் அவர் உடலை நான்காகப் பிளந்து கொன்றார்கள்.

இந்த நகரத்தின் லிண்டன் மியூசியத்தில் ஒரு காலத்தில் காஷ்மீரத்து துர்க்கை ஒன்று இருந்தது. பத்தாம் நூற்றாண்டு மகிஷாசுரமர்த்தினி. 2000இல் வாங்கியது. திருட்டுச் சிலை என்று தெரிந்து, 2015இல் ஜெர்மன் பிரதமர் ஏஞ்சலா மெர்க்கல் டெல்லியில் அதை ஒப்படைத்தார். அது அங்கே போனது சிலை வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக. கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் உடையார்பாளையம் கோவில் சிலைத் திருட்டு வழக்கில் பத்து வருடத் தண்டனை கொடுத்ததே, அதே ஆள்தான். ஆகவே என் கேள்வியை அங்கே இருக்கும் இந்தியப் பொருள்களிடமும் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு நிறையவே இருக்கிறது.

சில நடைமுறை விஷயங்கள். பெரும்பாலான மியூசியங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மியூனிக்கின் பினகோதெக்குகளில் ஞாயிறன்று நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க ஒரு யூரோதான், ஆனால் கூட்டம் இருக்கும். பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், கொஞ்சம் சில்லறை கையில் இருக்கட்டும். பல இடங்களில் மடக்கு நாற்காலி தருவார்கள், கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். மாப்பிள்ளையிடம் "நீங்கள் சுற்றிவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரே படத்துக்கு முன் அரைமணி நேரம் உட்காருங்கள்.

போனதும் முதல் வாரத்திலேயே இதைச் செய்யுங்கள். காலையில் ஷ்டாட்ஸ்காலரி போய் ரட்கேப்பின் பலகைகளை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிறகு எஸ்-1 ரயிலில் ஏறுங்கள், அதன் கடைசி நிறுத்தமே ஹெரன்பெர்க்தான். ஊருக்கு மேலே குன்றின்மேல் தேவாலயம் தெரியும். கோபுரத்தில் மணிகளுக்கென்று ஒரு மியூசியமே வைத்திருக்கிறார்கள். ஏறுவதற்குக் கால் இடம் கொடுக்காவிட்டால் பரவாயில்லை, தேவாலயத்துக்குள் போய் உட்காருங்கள். காலையில் நீங்கள் பார்த்த பலகைகள் நின்ற தேவாலயம் அது. எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறது, அதில் அந்தச் சிவப்பும் மஞ்சளும் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.